பலாலிக்கு எவ்வளவு தூரம்?



சென்ற மாதம் மாத்தளையில் எங்கள் பெண்கள் குழுவின் கூட்டம் நடந்தது. சேமிப்புப் புத்தகங்களைப் பார்த்து முடித்து, பிளேன்டீயும் குடித்துவிட்டு எழும்பும் நேரம். உக்குவெலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "அக்கா, பலாலியில இருந்து திருச்சிக்கு பிளேன் போகுதாமே. எவ்வளவு நேரம் எடுக்கும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அடியே, உனக்கு சீட்டு விழுந்திருச்சா? பிளேன்ல பறக்கப் போறியா?" என்று ஒருவர் கேலி செய்தார். அவர் சிரிக்கவில்லை. "அம்மா அங்கதான் இருக்காங்க" என்றார். எல்லோரும் மௌனமாகிவிட்டோம்.

அவருடைய கதை எங்களில் சிலருக்குத்தான் தெரியும். 1977 வன்செயலின் பின் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பிள்ளை படிக்கட்டும் என்று மூத்த மகளை மட்டும் மாத்தளையில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். 1990 இல் மீண்டும் யுத்தம் வெடித்தபோது, தாய் சிறிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய்விட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை இங்கே நின்றுவிட்டது. தாய் இன்று திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை. இப்போது கைத்தொலைபேசியில் முகம் பார்க்கிறார்கள். ஆனால் தாய்க்குக் கண் பார்வை மங்கி வருகிறது.

எங்கள் குழுவில் இளையவளான ஒரு பிள்ளை உடனே தொலைபேசியை எடுத்துத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்: "நேர்கோட்டில 184 கிலோமீற்றர் அக்கா. ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலம்தானா?" என்று அந்தச் சகோதரி கேட்ட குரல் இன்னும் என் காதில் நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். நாலு பேரிடம் விசாரித்தேன், வரைபடத்தையும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். உங்களிலும் பலருக்குக் கடலுக்கு அப்பால் ஒரு தாயோ சகோதரியோ பிள்ளையோ இருக்கக்கூடும் அல்லவா?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பலாலியிலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை ஏறக்குறைய 355 கிலோமீற்றர். அதாவது யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே தூரந்தான். திருச்சியோ அந்தத் தூரத்தில் பாதியளவுதான். நமது மாத்தளை மாவட்டத்திலும் சீகிரியாவில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. விமானப்படையும் சுற்றுலாப் பயணிகளின் சிறு விமானங்களும் பயன்படுத்தும் இடம் அது. அங்கிருந்து பலாலி 215 கிலோமீற்றர் அளவு. சிறு விமானம் ஒன்று முக்கால் மணித்தியாலத்தில் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பலாலி – திருச்சி 184 கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம் என்கிறார்கள். கட்டுநாயக்க – திருச்சி 417 கிலோமீற்றர் அளவு. அதற்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். இரண்டு மடங்குக்கு மேல் தூரம் கூட, நேரம் மட்டும் எப்படி ஒன்றாகும்?

காரணம் எளிது. பலாலியில் பயன்படுத்தப்படும் ஓடுபாதை குறுகியது. அதனால் அங்கே எழுபது, எண்பது பேர் ஏறக்கூடிய, விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானங்கள் வருகின்றன. அவை மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் அளவு வேகத்தில் பறப்பவை. பெரிய ஜெட் விமானங்களின் வேகம் இதைவிட அதிகம். அதோடு, தூரம் எதுவானாலும் விமானம் ஓடுபாதைக்கு நகர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், சுற்றி வந்து இறங்க வேண்டும். இதற்கே இருபது நிமிடம் போல் கழிந்துவிடும். காற்று எதிர்த்து அடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் நேரசூசியில் ஒரு மணித்தியாலம் என்று போடுகிறார்கள்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் சகோதரிகளே, அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எனது அக்காவின் நினைவு வந்துவிட்டது.

அக்கா திருமணம் முடித்து யாழ்ப்பாணத்துக்குப் போனவர். அத்தான் அங்கே ஒரு கடையில் வேலை செய்தார். 1998 நவம்பரில் அப்பா ரத்தோட்டைத் தோட்டத்து லயத்தில் காலமானார். அக்காவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அன்றே அவர் புறப்பட ஆயத்தமாகிவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் குடாநாட்டை விட்டு வெளியே வர 'பாஸ்' வேண்டும். அதற்காக ஒரு அலுவலகத்தின் வாசலில் கைக்குழந்தையோடு நின்று நின்று ஒன்பது நாட்கள் போயின. பிறகு கப்பல். வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிப்பு. கப்பலுக்காக ஐந்து நாட்கள். கடலில் ஒரு நாள். திருகோணமலையில் இறங்கி, சோதனைகள் முடித்து, ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நாள்.

அப்பாவை அடக்கம் செய்து, பதினாறாம் நாள் கருமாதியும் முடித்து, வந்த சொந்தங்களும் போய்விட்டார்கள். அக்கா வந்து அப்பாவின் கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அழவில்லை. "நான் எங்கயும் சுணங்கல தங்கச்சி. உடனதான் வெளிக்கிட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. இருந்தும் தான் சுணங்கவில்லை என்று எங்களுக்கு நிரூபிக்க வேண்டியவர்போல் அவர் பேசியதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மாத்தளைக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோட்டில் 265 கிலோமீற்றர். அதைக் கடக்க அக்காவுக்குப் பத்தொன்பது நாட்கள். வகுத்துப் பாருங்கள், நாளுக்குப் பதினான்கு கிலோமீற்றர் வரும்.

நமது முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். ஏறக்குறைய 150 மைல். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். நாளுக்குப் பத்து மைல் நடந்திருந்தாலும் அவர்களுக்குப் பதினைந்து நாட்கள்தான் ஆகியிருக்கும். விமானமும் கப்பலும் பஸ்ஸும் இருந்த காலத்தில் என் அக்கா அவர்களைவிட மெதுவாக வந்தார்! தூரம் கூடியதாலா? இல்லையே. யுத்தம் நேரத்தை நீட்டிவிட்டது.

பலாலி எப்போதும் இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த நிலையம் அது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி 'எயார் சிலோன்' தனது முதலாவது பயணத்தை ஒரு டக்கோட்டா விமானத்தில் தொடங்கியது. இரத்மலானையில் புறப்பட்ட அந்த விமானம் காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கிச் சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே யாழ்ப்பாணம் ஒருபக்கம் கொழும்புக்கும் மறுபக்கம் சென்னைக்கும் ஒரு மணித்தியாலச் சொச்சத்து அயலூராக இருந்தது. நம் பாட்டிமார் காலத்தில் கிட்டத்தில் இருந்த ஊர்கள் நம் காலத்தில்தான் தூரமாகிப் போயின.

என் அக்கா ஏன் விமானத்தில் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதே 1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட 'லயன் எயார்' விமானம் பத்து நிமிடம் அளவில் மன்னாருக்கு அப்பால் கடலில் காணாமற்போனது. அதில் இருந்தவர்கள் 55 பேர். பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துச் சாதாரண தமிழ் மக்கள். விடுதலைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினர் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன் பின் பொதுமக்களுக்கான விமானப் பயணம் நின்றுபோனது. எஞ்சியது கப்பல்தான்.

அந்த விமானத்தில் போனவர்களின் வீடுகளில் இருந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். உடல் இல்லை. கருமாதி செய்வதா, பொட்டை அழிப்பதா, காத்திருப்பதா என்று சொல்ல ஒருவரும் இல்லை. 2012 இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர் மீட்கப்பட்ட உடைகளை உறவினர் அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு மணித்தியாலப் பயணத்துக்குப் பதினான்கு வருடக் காத்திருப்பு! இப்படிக் காத்திருப்பதென்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதன் பின்னர் நடந்தவை நமக்குத் தெரிந்தவைதான். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 வீதி திறந்தது. நம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலால் ஓடுகின்ற அதே வீதிதான். ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைகள் இருந்தாலும், அக்கா இரண்டு தடவை வந்து போனார். 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் யுத்தம் முடிந்த பின் படிப்படியாகத் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் போனது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டு, சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாக் காலத்தில் அது நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. திருச்சிச் சேவையை 2025 மார்ச் 30 ஆம் திகதி 'இன்டிகோ' நிறுவனம் தொடங்கியது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இன்னும் தம் காணிக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு, அந்த விமானம் ஏறி இறங்கும் இடத்துக்கு அருகில்தான் தம் கிணறும் வேப்பமரமும் இருந்தன. பிரிந்தவர்களைச் சேர்க்கும் விமானம், அவர்களுக்கு மட்டும் அவர்களது முற்றத்தைக் காட்டாமல் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

சரி, இனி நமது சகோதரியின் கேள்விக்கு வருவோம். பறக்கும் நேரம் ஒன்று, பயண நேரம் வேறொன்று. வீட்டுப் படியிலிருந்து தாயின் படிவரை எண்ணினால்தான் அது பயண நேரம். நான் அவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது.

பலாலி வழியாகப் போனால், மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் வீதியால் 300 கிலோமீற்றர் அளவு. பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணித்தியாலம். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்பது நல்லது. பறக்க ஒன்று. திருச்சியில் குடிவரவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்று. மொத்தம் பதினான்கு மணித்தியாலம். இரவு தங்க வேண்டி வந்தால் அந்தச் செலவு தனி.

கட்டுநாயக்க வழியாகப் போனால், குருநாகல் ஊடாக விமான நிலையத்துக்கு நாலு மணித்தியாலம். காத்திருக்க மூன்று. பறக்க ஒன்று. வெளியே வர ஒன்று. மொத்தம் ஒன்பது மணித்தியாலம்.

பாருங்கள், வானத்தில் குறுகிய பாதை எல்லோருக்கும் குறுகிய பாதை அல்ல! யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ இருக்கும் சகோதரிக்குப் பலாலி பெரிய வரம். மாத்தளைக்காரருக்குக் கட்டுநாயக்கவே கிட்ட. கடல் வழியாகப் போக விரும்புகிறவர்களுக்கு, 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவையும் இருக்கிறது. அறுபது கடல் மைல், நாலு மணித்தியாலம் அளவு. காலநிலையைப் பொறுத்து அது இடையில் நிற்பதுண்டு. எந்த வழியானாலும் நேரசூசியையும் கட்டணத்தையும் விசாரித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். முகவர் சொன்னார் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

இதைவிட அதிக நேரம் பிடிப்பது கடதாசி வேலை. கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலரின் சான்றிதழ்களில் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. அதை இன்றே எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டு முதலில் திருத்துங்கள். கடவுச்சீட்டுக்கு நம் பகுதியினர் கண்டிப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். இந்திய விசா பற்றிக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். முகாமில் இருப்பவரைச் சந்திக்க முன்அனுமதி தேவையா என்பதை அங்குள்ள உறவினர் மூலம் முன்கூட்டியே அறிந்து வையுங்கள். இதெல்லாம் முடிய மாதக் கணக்கில் ஆகலாம். ஆகவே தாய் சுகமில்லை என்று செய்தி வந்த பிறகு தொடங்க வேண்டாம். தாய் சுகமாக இருக்கும்போதே தொடங்குங்கள். என் அக்கா பத்தொன்பது நாளில் படித்த பாடத்தை உங்களுக்கு நான் இலவசமாகத் தருகிறேன்.

சேமிப்புக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. கோழி வளர்க்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் கடன் கொடுக்கிறோம். தாயைப் பார்க்கப் போகக் கடன் கொடுத்தால் அது வீண் செலவா? எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேசினோம். கொஞ்சம் வாக்குவாதமும் நடந்தது. "வருமானம் வராத கடன்" என்றார் ஒருவர். அன்று கேலி செய்த அதே சகோதரிதான் எழும்பி, "எனக்குப் பார்க்கப் போக அம்மா இல்ல. அவளுக்கு இருக்காங்க. கொடுப்போம்" என்றார். பத்து மாதத் தவணையில் கொடுப்பதென்று முடிவானது.

கணக்கு எழுதிய தாளை உக்குவெலைச் சகோதரியிடம் கொடுத்தேன். கட்டுநாயக்க வழியாகப் போனால் ஐந்து மணித்தியாலம் மிச்சம் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு தாளை மடித்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, நான் பலாலியாலயே போறேன். வவுனியாவைத் தாண்டித்தானே பஸ் போகும்? நாங்க இருந்த பக்கத்த ஒருக்கா பார்த்துக்கிறேன். அம்மா என்னய விட்டுட்டுப் படகுல போன கடல் எவ்வளவு பெருசுன்னு மேல இருந்து பார்க்கணும். சின்ன வயசுல இருந்து அத நெனச்சு நெனச்சுப் பயந்திருக்கேன்."

நான் மறுத்துப் பேசவில்லை. மணித்தியாலக் கணக்கு என்னுடையது. பயணம் அவருடையது.

அவருடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்குப் போயிருக்கிறார். முன்பு இதே வேலைக்கு ஒரு தடவை போய், "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர். இம்முறை தனியாகப் போகவில்லை. குழுவிலிருந்து இருவர் கூடப் போனார்கள்.

உங்கள் வீட்டுக்கும் உங்கள் சொந்தத்துக்கும் இடையே எத்தனை கிலோமீற்றர், எத்தனை வருடம் என்று நீங்களும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.